ஒரே நாளில் ஓர் ஆங்கிலக் கிராமம் பார்க்க வேண்டுமா? யூவெல்முக்குப் போங்கள்

நீங்கள் கேட்டது இது: அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து லண்டன் வந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எந்தக் கோயிலுக்குப் போனாலும் கல்வெட்டுப் பக்கம் நின்றுவிடுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டம் இல்லாத ஓர் ஆங்கிலக் கிராமத்தையும் அதன் பழைய கட்டடங்களையும் ஒரே நாளில் காட்ட வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸ் பஸ் டூர் போகலாமா, இல்லை வேறு ஊர் இருக்கிறதா?

பஸ் டூர் வேண்டாம் என்பது என் பதில். காட்ஸ்வோல்ட்ஸ் அழகான பகுதிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டூர்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஊர்களைச் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வோர் ஊரிலும் முக்கால் மணி நேரம். அந்தப் பகுதியில் இருக்கும் பைபரி என்ற ஊரில் ஆர்லிங்டன் ரோ வீடுகளுக்கு முன்னால் கோடைக்காலத்தில் நின்றால் வீடுகளைவிட அதைப் படமெடுக்கிறவர்களின் முதுகுதான் அதிகம் தெரியும். உங்கள் அப்பா ஒரு பித்தளைத் தகட்டில் பாதி வரி படிப்பதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். அந்த ஓர் ஊருக்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் யூவெல்மைச் சொல்வேன்.

நான் ரெடிங் பக்கம் பல வருடமாக வசிக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில், வாலிங்ஃபோர்ட் என்ற சிறு நகரத்திலிருந்து இரண்டரை மைல் தூரத்தில் இருக்கிறது. பெரிய சாலை எதுவும் ஊருக்குள் போவதில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிற இடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சுமார் 600 வருடங்களுக்கு முன்னால் ஒரே குடும்பம் ஒரே சரிவில் அடுத்தடுத்துக் கட்டிய மூன்று கட்டடங்கள் இருக்கின்றன: ஒரு தேவாலயம், ஏழை முதியவர்களுக்கான குடியிருப்பு, பள்ளிக்கூடம். மூன்றும் இன்றைக்கும் எதற்காகக் கட்டப்பட்டனவோ அந்த வேலையையே செய்துகொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய தேவாலயமும் பழைய வீடும் நிறையப் பார்க்கலாம். இப்படி மூன்றும் சேர்ந்து, மூச்சோடு இருப்பது அபூர்வம்.

ஊருக்குள் நுழைந்ததும் கட்டடத்தைத் தேடி ஓடாமல் முதலில் தண்ணீரைப் பாருங்கள். யூவெல்ம் என்ற பெயருக்கே பழைய ஆங்கிலத்தில் ஊற்றுக்கண் என்றுதான் பொருள். சில்டர்ன் குன்றுகள் முழுக்கச் சீமைச்சுண்ணாம்புப் பாறை. கரும்பலகையில் எழுதினோமே, அதே வெள்ளைதான், மலையளவில். மழை பெய்தால் தண்ணீர் மேலே ஓடாது, பாறைக்குள் இறங்கிவிடும். குன்றின் அடியில் ஓரிடத்தில் குளிர்ந்து, கண்ணாடி மாதிரித் தெளிந்து வெளியே வரும். யூவெல்மில் அப்படி வெளியே வந்த தண்ணீர் தெருவோரமாகவே ஓடையாகப் போய், பென்சன் என்ற ஊருக்குப் பக்கத்தில் தேம்ஸில் சேர்கிறது. ஊர் இந்த இடத்தில் அமைந்ததற்குக் காரணமே இந்த ஊற்றுதான். கோடையானாலும் பனிக்காலமானாலும் ஊற்றுநீரின் குளிர்ச்சி பெரிதாக மாறாது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வாட்டர்கிரெஸ் என்ற நீர்க்கீரையைப் பாத்தி கட்டி வளர்த்து, பக்கத்து வாட்லிங்டன் ஸ்டேஷனிலிருந்து ரயிலேற்றித் தூரத்து நகரங்களுக்கு அனுப்பினார்கள். 1988இல் வியாபாரம் நின்றது. அப்புறம் சில்டர்ன் சொசைட்டி என்ற அமைப்பு பாத்திகளை வாங்கி, தூர்வாரி, இயற்கைக் காப்பிடமாகப் பராமரிக்கிறது. பச்சைப்பசேலென்று கீரை இன்னும் நிற்கும். அம்மாவுக்குக் கை போகும், எந்த அம்மாவுக்கும் போகும். தயவுசெய்து பறித்துப் பச்சையாகச் சாப்பிட விடாதீர்கள். ஆடுமாடு மேயும் பக்கத்தில் தானாக வளரும் நீர்க்கீரையில் ஈரல்புழு ஒட்டியிருக்கக்கூடும். சாப்பிட ஆசைப்பட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இனி மேட்டுக்கு ஏறலாம். தேவாலயம் மேலே, அதற்கு ஒரு படி கீழே முதியோர் குடியிருப்பு, அதற்கும் கீழே பள்ளிக்கூடம். அம்மாவின் முழங்காலுக்காக ஒன்று சொல்கிறேன்: கீழிருந்து ஏற வேண்டாம். மேல் சாலையில் தேவாலய வாசலில் இறக்கிவிடுங்கள். அப்புறம் இறங்குமுகமாகவே பார்க்கலாம். தேவாலயத்திலிருந்து குடியிருப்புக்குப் படிக்கட்டு உண்டு. அதில் இறங்க முடியாவிட்டால் தெரு வழியாகச் சுற்றி வரலாம்.

செயின்ட் மேரி தேவாலயத்தை உள்ளே போகும் முன் வெளியே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கிழக்குப் பக்கச் சுவரில் சிக்கிமுக்கிக் கல்லையும் வெள்ளைக் கல்லையும் சதுரம் சதுரமாக மாற்றி மாற்றி, சதுரங்கப் பலகை மாதிரி வைத்திருப்பார்கள். இது வெறும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. இந்தப் பகுதியில் நல்ல கட்டடக் கல் கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்தான் தாராளம். கையளவு, கோணல்மாணல், இரும்பு மாதிரிக் கடினம். அதை உடைத்து, உடைந்த பளபளப்பான முகம் வெளியே தெரியும்படி பதிப்பார்கள். சதுரமாக வெட்டிய கல்லைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், அது பணக்காரனின் கல். அந்தச் சுவரில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. நம் ஊரில் செம்மண் பூமி, கருங்கல் பூமி என்று வீட்டைப் பார்த்தே சொல்வோமே, இங்கேயும் அப்படித்தான். சுவரைப் பார்த்தால் காலடியில் என்ன இருக்கிறதென்று தெரியும்.

கோபுரம் கொஞ்சம் பழையது. மற்றதெல்லாம் 1430களில் ஒரே மூச்சில் திரும்பக் கட்டியது. கட்டியவர்கள் ஆலிஸும் அவள் கணவர் வில்லியம் டி லா போலும், அப்போது சஃபோக் பிரபு. ஆலிஸ் யாரென்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். அதனால் கதையைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலக் கவிதையின் மூத்த பெயர்களில் ஒன்றான ஜெஃப்ரி சாசரின் பேத்தி இந்த ஆலிஸ். சாசரின் மகன் தாமஸ், மட்டில்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தபோது மனைவி வழிச் சொத்தாக வந்ததுதான் யூவெல்ம். தாமஸ் கவிதை பக்கம் போகவில்லை, அரசியலில் பெரிய ஆள். நாடாளுமன்றக் கீழ்சபையின் சபாநாயகராக ஐந்து முறை இருந்தார். ஆலிஸ் சுமார் 1404இல் பிறந்தாள். சிறுமியாக இருக்கும்போதே முதல் கல்யாணம், 1415இல் அந்தக் கணவர் இறந்தார். இரண்டாவது கணவர் சாலிஸ்பரி பிரபு, பிரான்சில் ஆர்லியன்ஸ் முற்றுகையில் 1428இல் இறந்தார். மூன்றாவதுதான் வில்லியம். அரசருக்கு அடுத்த இடம் என்று சொல்லும் அளவுக்கு உயர்ந்தார், டியூக் பட்டமும் கிடைத்தது. பிரான்சில் இழந்த நிலத்துக்கெல்லாம் அவர்தான் காரணமென்று நாடே திரும்பியது. 1450இல் நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் போகும்போது வழிமறித்து, கடலிலேயே தலையை வெட்டிவிட்டார்கள். ஆலிஸ் அதற்குப் பிறகும் 25 வருடம் உயிரோடு இருந்து, சொத்தைக் காப்பாற்றி, மகனை அரச குடும்பத்திலேயே கட்டிக்கொடுத்து, 1475இல் இறந்தாள்.

இப்போது உள்ளே போங்கள். பகலில் பெரும்பாலும் திறந்தேயிருக்கும். கதவின் இரும்பு வளையத்தைத் திருகித் தள்ள வேண்டும். பூட்டியிருக்கிறதென்று நினைத்து முதல் தடவை நானே திரும்பி நடந்துவிட்டேன். உள்ளே போனதும் மேற்குப் பக்கம் ஞானஸ்நானத் தொட்டி. அதற்கு மேல் தொங்கும் மர மூடியைப் பாருங்கள். ஆளுயரத்தைத் தாண்டி, அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் மரச் சிற்பம். தேர் மாதிரி இருக்கிறதென்று நான் கூட்டிப்போன ஒரு பாட்டி சொன்னார். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வலது பக்கம் செயின்ட் ஜான் சிற்றாலயம். மேலே விட்டத்தில் சிறகு விரித்த மரத் தேவதைகள், சுவர் முழுக்க இயேசுவின் பெயர்ச்சுருக்கம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். இங்கேதான் தாமஸ் சாசரும் மட்டில்டாவும் இருக்கிறார்கள். கல்லறையின் மேல் தகட்டில் இருவர் உருவமும் பித்தளையில் வெட்டிப் பதித்திருக்கும். பக்கங்களில் வரிசையாகக் குடும்பச் சின்னங்கள், வண்ணத்தோடு. யாருக்கு யார் சம்பந்தி என்று எழுத்தில்லாமல் சொல்லும் பட்டியல் அது. அப்பாவை அங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடுங்கள், அரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். இந்தக் காலத்துத் தகடுகள் பெரும்பாலும் லத்தீனில், கோணக்கோணமான எழுத்தில் இருக்கும். ஆரம்பத்தில் ஒராதே என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். வேண்டிக்கொள்ளுங்கள் என்று பொருள். இன்னாருடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று வழிப்போக்கரிடம் கேட்கிற வரி. இதைப் பிடித்துவிட்டால் அடுத்து வருவது ஆளின் பெயர் என்று புரிந்துவிடும், கடைசியில் வருடம்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டு விலகியபோது, இறந்தவர்களுக்காக வேண்டச் சொல்லும் இதே வரிக்காகவே நாடெங்கும் தகடுகளைப் பெயர்த்தார்கள், சுரண்டினார்கள். அடுத்த நூற்றாண்டில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மிச்சமும் போனது. யூவெல்ம் எப்படித் தப்பியது? இந்த ஊர்க்காரரான பிரான்சிஸ் மார்ட்டின் நாடாளுமன்றப் படையில் அதிகாரியாக இருந்தார், உடைக்க வந்த சொந்தப் படையினரையே உள்ளே விடாமல் தடுத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். தன் படையே உடைக்க வந்த கோயிலைத் தன் ஊர்க் கோயில் என்பதற்காக ஒருவர் காப்பாற்றினார் என்ற அந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆலிஸின் கல்லறை பலிபீடத்துக்கும் சிற்றாலயத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும்படி இருக்கிறது. இந்த ஊருக்குப் போவதற்கு இது ஒன்றே போதும் என்பேன். மூன்று நிலை. மேலே அலபாஸ்டர் என்ற மென்மையான வெள்ளைக் கல்லில் ஆலிஸ் படுத்திருக்கிறாள். தலையில் பிரபுக் கிரீடம், கைகள் கூப்பியிருக்கும், தலையணையைத் தேவதைகள் தாங்கியிருப்பார்கள். முகத்தைக் கவனியுங்கள். மூன்று கணவர்களைப் பறிகொடுத்த, வயதான பெண்ணின் முகம் அது, அழகுபடுத்தவில்லை. இடது முன்கையில் ஒரு பட்டை தெரியும். கார்ட்டர் என்ற உயர்ந்த வீரர் குழுவின் சின்னம். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே கட்டுவார்கள். பெண் அதை எங்கே கட்டுவது? விக்டோரியா மகாராணிக்கே இந்தக் கேள்வி வந்தபோது, யூவெல்ம் சிலையைப் பார்த்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

நடுநிலையில் உடல் வைத்த பெட்டி, சுற்றிலும் தேவதைகள். எல்லாவற்றுக்கும் அடியில், தரையோடு தரையாக, கல் ஜன்னல் மாதிரியான இடைவெளிகளுக்குப் பின்னால் இன்னோர் உருவம் இருக்கும். அதுவும் ஆலிஸ்தான். ஆனால் பிணமாக. எலும்பும் தோலுமாக, வாய் திறந்து, தலைமுடி கலைந்து, சவச்சீலை விலகி. மேலே கிரீடம், கீழே இது. 15ஆம் நூற்றாண்டில் இப்படி இரட்டை உருவம் வைப்பது ஐரோப்பாவில் வழக்கம்தான், ஆனால் அதில் பெண்கள் மிகக் குறைவு.

இதோடு முடியவில்லை. அந்தக் கீழ்அறையின் கூரையில், அதாவது பிண உருவத்தின் கண்ணுக்கு நேர்மேலே, ஓவியம் இருக்கிறது: மகதலேனா மரியாள், திருமுழுக்கு யோவான், மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்லும் காட்சி. நின்று பார்த்தால் தெரியாது, குனிந்தாலும் தெரியாது. தரையில் மல்லாந்து படுத்து, தலையை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் ஓரளவுக்குத் தெரியும். மார்ச் மாத மழைநாள் ஒன்றில் முதல் முறை போனபோது எனக்கு இது தெரியாது. பூச்சாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர்தான், கோட்டை விரித்துப் படுத்துப் பாருங்கள் என்றார். படுத்தேன். ஓவியன் யாருக்காக வரைந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. தேவாலயத்துக்கு வருகிறவர்களுக்காக அல்ல, கீழே வாய் திறந்து கிடக்கிறவளுக்காக. தரை சில்லென்றிருந்தது. எழுந்திருக்கவே மனமில்லை.

அப்பாவால் படுக்க முடியாவிட்டால் நீங்கள் படுத்து, ஃபோனை மெதுவாக உள்பக்கம் திருப்பி, ஃபிளாஷ் போடாமல் படமெடுத்துக் காட்டுங்கள். கல்லின் மேல் கையோ ஃபோனோ படக்கூடாது. அலபாஸ்டர் மிக மென்மையானது, நகம்கூடக் கீறும்.

தேவாலயத்தின் மேற்குக் கதவைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கினால் நேரே ஒரு முற்றத்தில் கொண்டுபோய் விடும். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் மரத்தூண் தாழ்வாரம், தாழ்வாரத்தைப் பார்த்து வரிசையாகக் கதவுகள். மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல், சில இடங்களில் மீன்முள் மாதிரிச் சாய்த்து அடுக்கியது. இந்தப் பக்கத்தில் செங்கல் அபூர்வமாக இருந்த காலத்தில் கட்டியது. முற்றம் வைத்த நம் வீடுகளில் வளர்ந்த உங்கள் அம்மாவுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டியிருக்காது.

1437இல் ஆறாம் ஹென்றி அரசரிடம் உரிமம் வாங்கி ஆலிஸும் வில்லியமும் இதை ஆரம்பித்தார்கள். பெயர் கடவுளின் வீடு. இரண்டு குருக்கள், 13 ஏழை ஆண்கள். தங்க இடமும் செலவுக்குப் பணமும் உண்டு. பதிலுக்கு அவர்கள் தினமும் மேலே போய் அரசருக்காகவும் ஆலிஸ் குடும்பத்துக்காகவும் வேண்ட வேண்டும். அதற்காகத்தான் படிக்கட்டு நேரே தேவாலயத்தில் போய் முடிகிறது. செலவுக்கு மூன்று ஊர்களின் நில வருமானத்தை எழுதிவைத்தார்கள். அதில் ஒன்று பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் மார்ஷ் கிப்பன். அந்த ஊரில் நிறைய நிலமும் வீடும் இன்றைக்கும் யூவெல்ம் அறக்கட்டளைக்குச் சொந்தம். எட்டாம் ஹென்றி காலத்தில் மடங்களையும் அறநிலையங்களையும் கலைத்து நாடே தலைகீழானபோதும் இது பிழைத்தது. 1617இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் இதன் தலைமைப் பொறுப்பை ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியர் பதவியோடு சேர்த்துவிட்டார். அந்த ஏற்பாடு தொடர்ந்தது. மருத்துவம் படித்த யாராவது கூட வந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1905இல் அந்தப் பேராசிரியரானபோது இந்த முதியவர்களுக்கும் தலைவரானார், பெயருக்கு இல்லாமல் அடிக்கடி வந்து தங்கியும் போனார்.

இடவசதிக்காக உள்ளே சுவர்களை மாற்றி, வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சமையலறை, குளியலறை எல்லாம் வைத்திருக்கிறார்கள். அதாவது இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்தில் அமைதியாக வந்து நின்று பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. ஜன்னலுக்குள் எட்டிப்பார்ப்பது, கதவைத் தட்டுவது, ஜன்னலில் தெரியும் முகத்தைப் படமெடுப்பது கூடாது. யாராவது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தால் குட் மார்னிங் சொல்லுங்கள். நிறையப் பேர் பேசவே ஆசைப்படுவார்கள். பேசினால் உங்களுக்குக் கிடைப்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

இன்னும் ஒரு படி கீழே பள்ளிக்கூடம். உயரமான செங்கல் கட்டடம், பக்கத்தில் பெரிய புகைபோக்கி. இதுவும் ஆலிஸ் குடும்பம் கட்டியதுதான். இரண்டு குருக்களில் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் இலக்கணம் சொல்லித்தர வேண்டும் என்பது விதி. இன்றைக்கும் அதே கட்டடத்தில் ஆரம்பப் பள்ளி நடக்கிறது. அரசுப் பள்ளியாக இன்னும் நடக்கும் கட்டடங்களில் நாட்டிலேயே இதுதான் பழையது என்று சொல்லப்படுகிறது. உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம், இந்த நாட்டில் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஆனால் வார நாளில் மத்தியானம் முற்றத்தில் நின்றால், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்கும். மேலே மணிக்கூண்டு, நடுவில் யாரோ கெட்டிலில் தண்ணீர் சுடவைக்கும் சத்தம், கீழே பிள்ளைகள். நான் வார நாளில் போகச் சொல்வது இதற்காகத்தான்.

ஆலிஸ் குடும்பத்தின் மாளிகையும் இந்த ஊரில் இருந்தது. பேரன் தலை போய், சொத்து அரசருக்குப் போய், மாளிகை பாழாகிப் போனது. மிச்சமிருப்பது ஒருவரின் சொந்த வீடு, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேவாலயத்து வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஜெரோம் கே. ஜெரோமின் சமாதி இருக்கிறது. தேம்ஸ் நதிப் படகுப் பயணத்தை வைத்து எழுதி ஊரையே சிரிக்கவைத்தவர், இந்த ஊருக்கு மேலே குன்றில் வசித்தார், 1927இல் இறந்தார். வானத்தில் பிளந்த வாலோடு பெரிய செந்நிறப் பருந்துகள் வட்டமிடுவதை அம்மா நிச்சயம் பார்ப்பார். இங்கிலாந்தில் முற்றாக அழிந்துபோயிருந்த பறவை. 1989 முதல் சில வருடங்கள் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள், இன்று எங்கே பார்த்தாலும் அதுதான். பக்கத்திலேயே விமானப்படைத் தளம் ஒன்று இருப்பதால் நடுநடுவே ஹெலிகாப்டர் சத்தமும் வரும். அதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன், அமைதியான ஊர் என்று சொல்லிவிட்டு ஏமாற்றியதாக இருக்கக்கூடாது.

சாப்பாடு, கழிவறை இரண்டையும் வாலிங்ஃபோர்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். ஊரில் கடையும் பப்பும் உண்டு, ஆனால் சின்ன ஊர்களில் எந்த நாள் எந்த நேரம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. ஒரு டப்பாவில் தயிர்சாதம் எடுத்துப்போனால் கவலையே இல்லை. தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் உண்டியல் இருக்கும், தாராளமாகப் போடுங்கள். இந்த நாட்டில் பழைய தேவாலயத்தின் கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் தலையில்தான். ஆராதனை நடக்கிறதென்றால் கடைசி வரிசையில் உட்காருங்கள், இல்லையென்றால் முடிந்த பின் வாருங்கள். எந்த மதத்துக்காரர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

லண்டனிலிருந்து காரில் போவதே உங்களுக்கு வசதி, அம்மாவின் முழங்காலுக்காகவும், மத்தியானம் நான் சொல்லப்போகும் இரண்டாவது இடத்துக்காகவும். ரயிலில் என்றால் பேடிங்டனிலிருந்து சோல்சி ஸ்டேஷன், அங்கிருந்து வாலிங்ஃபோர்ட், பிறகு டாக்ஸி. திரும்பி வரும் டாக்ஸியையும் முன்னாலேயே பேசிவிடுங்கள், தெருவில் கை காட்டி நிறுத்தும் வண்டி இங்கே கிடையாது. நவம்பர் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அப்போது காலையிலேயே கிளம்புங்கள். மே, ஜூன் மாதமென்றால் அவசரமே வேண்டாம்.

நீங்கள் மட்டும் கொஞ்சம் நடக்க ஆசைப்பட்டால், அப்பா தகடு படிக்கும் நேரத்தில் குன்றுப் பக்கம் போய்வரலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைக் கோடு போட்டிருக்கும் பாதையெல்லாம் பொதுவழி. வயல் யாருடையதாக இருந்தாலும் அந்தக் கோட்டின் மேல் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கோட்டை விட்டு விலகினால் கிடையாது. திறந்த கேட்டைத் திறந்தபடியும், மூடிய கேட்டை மூடியும் விட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவே போக வேண்டாம், நம் ஊர் மாடு மாதிரி நினைத்துத் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். பிப்ரவரியில் போகிறவர்கள் குன்றின் மேலே ஸ்வின்கம் என்ற இடத்துச் சின்னத் தேவாலயத்தையும் பார்க்கலாம், தோட்டம் முழுக்க ஸ்னோடிராப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும்.

சரி, இரண்டாவது இடம். யூவெல்மிலிருந்து காரில் குன்றேறிச் சில மைல் போனால் ஸ்டோக் ரோ என்ற ஊர். சாலையோரத்தில் திடீரென்று ஒரு கும்மட்டம் தெரியும், அடியில் பொன்னிற யானை ஒன்று நிற்கும். அது ஒரு கிணறு. காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் கட்டிக்கொடுத்தது.

காலையில் யூவெல்மில் பார்த்தீர்களே, அடிவாரத்தில் தானாக வெளியே வந்த தண்ணீர், அதே சுண்ணாம்புப் பாறையின் உச்சியில் இப்போது நிற்கிறீர்கள். இங்கே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. தண்ணீர் பாதாளத்தில். ஏழைகள் மழைநீரையும் குட்டை நீரையும் குடித்தார்கள். இந்தப் பகுதியைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்பவர் வட இந்தியாவில் அதிகாரியாக இருந்தார், 1831இல் ஆசம்கர் பக்கம் மக்களுக்காக ஒரு கிணறு வெட்டவைத்தார். தன் ஊரிலும் தண்ணீர்க் கஷ்டம்தான், வீட்டிலிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் அம்மாவிடம் அடி வாங்கினான் என்று அவர் ஒருமுறை மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. 1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. நாலடி அகலம், 368 அடி ஆழம். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உயரம் 365 அடி. அந்தக் கோபுரத்தையே தலைகீழாக இறக்கும் ஆழத்துக்கு, முழுக்க முழுக்கக் கையாலேயே தோண்டினார்கள். 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளில் திறந்தார்கள். யாரும் காசு கொடுக்காமல் தண்ணீர் எடுக்கலாம் என்பது ஏற்பாடு. எழுபது வருடங்களுக்கு மேல் ஊர் அதைத்தான் குடித்தது. பராமரிப்புச் செலவுக்காகப் பக்கத்திலேயே செர்ரித் தோட்டம் போட்டு, அதற்கு ஈஸ்ரி பாக் என்று மகாராஜா பெயரையே வைத்தார்கள். கிணற்றுக் காவலருக்குக் கட்டிய எட்டுப்பட்டை வீடு ரொம்பச் சின்னது, பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும்.

எல்லாம் சாலையோரச் சமதரை, அம்மாவுக்கு ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பார்க்கக் கட்டணமும் கிடையாது. கிணற்றின் வாய்க்குப் பக்கத்தில் போய் உள்ளே எட்டிப் பார்க்கலாம், பாதுகாப்பாக மூடி வைத்திருக்கிறார்கள். கும்மட்டத்தைச் சுற்றி எழுதியிருப்பதை அப்பாவையே படிக்கச் சொல்லுங்கள். காலையில் லத்தீனோடு மல்லுக்கட்டியவருக்கு இது சுலபம், ஆங்கிலத்தில்தான் இருக்கிறது: இந்தியாவின் பனாரஸ் மகாராஜா இந்தக் கிணற்றைக் கொடுத்தார் என்று.